நோய்க்கும் மரணத்துக்கும் முதலாளி எவ்வளவு பொறுப்பு? சிறு தொழில் நடத்துவோரின் கருத்துகள்

நொய்யல்கரை (பின்னலாடை ஜாப் ஒர்க், திருப்பூர்) | 14 ஜூலை 2024

எங்கள் யூனிட்டின் கட்டிங் மாஸ்டர் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், தம் வீட்டில் உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துவிட்டார். வயது 41. பதினொரு ஆண்டுகள் என்னிடம் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். மனைவியும், பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

என்னிடம் மொத்தம் 14 பேர் வேலை செய்கிறார்கள். ஐந்து ஆண்டுகளாக ஒரு மாதமும் தவறாமல் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் சந்தா) கட்டி வருகிறேன். இன்றைய கணக்கில் அவர் ஒருவருக்கு மட்டும் என் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 585 ரூபாய். அவருடைய பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 135 ரூபாய். அவருடைய மனைவியை அழைத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குச் சென்றபோது, ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் கிடைக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் விபத்து நேர்ந்து இறந்திருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வருமாம். வீட்டில் படுத்திருந்தபோது இறந்ததால் வராதாம். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

இறந்த அன்று என் கையிலிருந்து ஒரு இலட்ச ரூபாய் கொடுத்தேன். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மாதம் தவறாமல் கழகத்துக்குக் கட்டும் பணத்தை எங்கள் கையிலேயே விட்டிருந்தால், நாங்களே நல்லது கெட்டதற்குப் பார்த்துக்கொள்ள மாட்டோமா? இது என் ஒருவனுடைய ஆதங்கமா, மற்ற முதலாளிகளும் இப்படித்தான் நினைக்கிறீர்களா என்பதை அறிய விரும்புகிறேன்.

---

ஜவுளிக்கடை (ஈரோடு) | 14 ஜூலை 2024

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் என் குறை மரணத்தைப் பற்றியதன்று, நோயைப் பற்றியது. கடைகளுக்கான 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பைச் சம்பளத்தோடு கொடுக்கிறோம். ஆடி முதல் தேதி தள்ளுபடி தொடங்கியதும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும்; தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு இன்னும் இரண்டு பேருக்கு முதுகுவலி வந்துவிடும். உண்மையான நோயாளியையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டிய நிலைக்கு நாங்கள் தள்ளப்படுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

---

பணியாளர்நலன் (மனிதவள அலுவலர், அவிநாசி) | 15 ஜூலை 2024

ஜவுளிக்கடை ஐயாவுக்கு ஒரு சொல். தள்ளுபடிக் காலத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கப்படும் பெண்ணுக்கு முதுகுவலி அந்தக் காலத்தில்தான் வரும், பங்குனியில் வராது.

ஆலைகளில் நிலைமை வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தில் ஈட்டிய விடுப்பு உண்டே தவிர, கடைச் சட்டத்தில் உள்ளதுபோல் தனி நோய் விடுப்பு இல்லை. எனவே தையல் யூனிட்டில் காய்ச்சலில் படுக்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவித்தொகைதான் பெரும்பாலும் ஒரே ஆதாரம். அதுவும் முழுச் சம்பளமன்று. சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள்; முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. நாளுக்கு 500 ரூபாய் வாங்குபவர் 350 ரூபாய்க்காகப் பொய்ச் சான்றிதழ் வாங்கிப் படுப்பார் என்பது கணக்குக்கே பொருந்தவில்லை. பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கிடைக்குமே.

நான் பேசிப் பார்த்த அளவில், முதலாளிகளுடைய உண்மையான வலி உதவித்தொகையால் வருவதன்று. அந்தப் பணத்தைக் கழகம் கொடுக்கிறது, அவர்கள் கொடுப்பதில்லை. கப்பலுக்குச் சரக்கு ஏற்ற வேண்டிய வாரத்தில் ஓவர்லாக் மெஷின் முன் ஆளில்லாமல் இருப்பதுதான் அவர்களைக் கோபப்படுத்துகிறது. அந்தக் கோபத்தைச் சான்றிதழ் எழுதிய மருத்துவர் மீது காட்டுகிறார்கள்.

---

வார்ப்படம் (ஃபவுண்டரி, கோயம்புத்தூர்) | 15 ஜூலை 2024

நொய்யல்கரை அவர்களே, பணத்தை நம் கையிலேயே விட்டால் நாமே பார்த்துக்கொள்வோம் என்கிற வாதத்தை என் தந்தையார் காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். நானும் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். 2019 ஜூலைக்கு முன்பு நம் பங்கு 4.75 விழுக்காடாக இருந்தது. அதை 3.25 ஆகக் குறைத்தார்கள். குறைந்த ஒன்றரை விழுக்காட்டைத் தொழிலாளர்களின் நோய்க்கென்று தனியே எடுத்து வைத்த முதலாளி ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் எடுத்து வைக்கவில்லை. அந்தப் பணம் கரன்ட் பில்லோடும் வட்டியோடும் கலந்து எங்கோ போய்விட்டது. கையில் விட்டால் என்ன ஆகும் என்பதை அப்போதே பார்த்துவிட்டேன்.

எனக்குள்ள குறை வேறு. இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய் என்று 2017 ஜனவரியில் வைத்தார்கள். இன்றுவரை அதே நிலைதான். என்னிடமுள்ள திறமையான மோல்டர்கள் (வார்ப்பச்சு செய்பவர்கள்) எல்லோரும் ஒவ்வொருவராக அந்த வரம்பைத் தாண்டி வெளியேறிவிட்டார்கள். ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் ஏற்றிக் கொடுத்தேன்; அந்த அரையாண்டு முடிந்ததும் அவருடைய குடும்பத்துக்கு இருந்த மருத்துவ வசதி நின்றுபோனது. ஏற்றியதற்குப் பதிலாக ஏற்றாமலேயே இருந்திருக்கலாமே என்று அவர் மனைவி கேட்டதாகச் சொன்னார்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் ஆளுக்கு வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பைக் கழகம் ஏற்றுக்கொள்கிறது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி நம் மீது தனியே வழக்குத் தொடுக்க முடியாது. வரம்பைத் தாண்டியவருக்கு அந்தக் கேடயம் இல்லை. உருகிய இரும்பு ஊற்றும் இடத்தில், மிகுந்த அனுபவமுள்ள ஆள்தான் உலைக்கு மிக அருகில் நிற்கிறார். அவருக்குத்தான் கேடயம் இல்லை. நான் அவர்களுக்கென்று தனியாக இழப்பீட்டுக் காப்பீடும் குழு மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்கிறேன். எடுக்காத நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிம்மதியாக உறங்குவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவும் பயமாகவும் இருக்கிறது.

---

பேரேடு (தொழிலாளர் சட்டக் கணக்கு ஆலோசகர், திருப்பூர்) | 16 ஜூலை 2024

முதலில் நொய்யல்கரை அண்ணாவுக்கு நேராகச் சொல்ல வேண்டிய ஒன்று. கழகம் என்ன கொடுத்தது என்று கேட்டீர்கள். நீங்கள் என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் பொருந்தும். ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட மரணத்துக்குக் கிடையாது. அவரோ பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் 1,14,231 ரூபாய் வருகிறது. கொடுக்க வேண்டிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அவர் நியமித்தவருக்கோ, நியமனம் இல்லையென்றால் வாரிசுகளுக்கோ சேர வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. நோயைப் பொறுத்தவரை இ.எஸ்.ஐ. கை கொடுக்கும், வேலையால் வரும் மரணத்தைப் பொறுத்தவரை மிக நன்றாகவே கை கொடுக்கும். நாள் ஊதியத்தில் 90 விழுக்காட்டைக் குடும்பத்தில் பங்கிட்டு, மனைவிக்கு அவர் வாழும்வரையோ மறுமணம் செய்யும்வரையோ கொடுப்பார்கள். ஆனால் இயற்கை மரணத்துக்கு ஈமச் செலவு மட்டும்தான். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1976ஆம் ஆண்டுக் காப்பீட்டுத் திட்டம். அதற்கு முதலாளி மட்டும் அரை விழுக்காடு கட்டுகிறார். தொழிலாளி எதுவும் கட்டுவதில்லை. வீட்டில் இறந்தாலும், பேருந்தில் இறந்தாலும், பணியில் இருக்கும்போது இறந்தால் போதும். 15,000 ரூபாய் வரம்பில் சராசரி ஊதியத்தின் 35 மடங்கு, அத்துடன் வைப்பு நிதி இருப்பில் பாதி, அதிகபட்சம் 1,75,000. இரண்டும் சேர்ந்து உச்ச வரம்பு 7 இலட்சம்.

உங்களுக்கு அது ஏன் இல்லை? இ.எஸ்.ஐ. பத்துப் பேரிலிருந்து கட்டாயம், பி.எஃப். எனும் வைப்பு நிதி இருபது பேரிலிருந்து கட்டாயம். நீங்கள் பதினான்கு பேர். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் நிற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும், உறக்கத்தில் இறக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சட்டப்படி வருவது ஈமச் செலவும் முதலாளி கொடுத்தால் பணிக்கொடையும் மட்டும்தான். இதில் கழகம் உங்களை ஏமாற்றவில்லை. இப்படி ஓர் இடைவெளி இருப்பதை ஐந்து ஆண்டுகளில் உங்கள் கணக்கர் ஒருமுறையேனும் சொல்லியிருக்க வேண்டும்.

---

நொய்யல்கரை | 16 ஜூலை 2024

பணிக்கொடை பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியது என்றுதான் இன்றுவரை நினைத்திருந்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு இலட்சம் கொடுத்திருக்கிறேனே, அதைப் பணிக்கொடையில் கழித்துக்கொண்டு மீதி 14,231ஐக் கொடுத்தால் போதுமா?

---

குச்சியடுப்பு (தீப்பெட்டி, சிவகாசிப் பக்கம்) | 17 ஜூலை 2024

நண்பரே, கழிப்பதற்கு முன் எங்கள் குடும்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். பணிக்கொடையும் விபத்து இழப்பீடும் வெவ்வேறு சட்டங்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் மனம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

2016இல் என் மாமா வைத்திருந்த சிறு யூனிட்டில் எட்டுப் பேர் வேலை செய்தார்கள். பத்துக்குக் கீழே என்பதால் இ.எஸ்.ஐ. இல்லை. தீக்குச்சி மருந்து தீப்பிடித்ததில் 35 வயதுத் தொழிலாளி ஒருவர் மருத்துவமனையில் ஆறாம் நாள் இறந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பிணவறை வாசலிலேயே இரண்டு இலட்ச ரூபாய் கைமாறியது. முத்திரைத்தாளில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அந்தப் பெண்ணின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வாங்கப்பட்டன. மாமா உண்மையாகவே தாம் பெரிய மனது காட்டியதாக நம்பினார்.

ஓராண்டு கழித்துத் தொழிலாளர் துறையிலிருந்து அறிவிப்பு வந்தது. இழப்பீட்டுச் சட்டப்படி, இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்குக் காரணி 197.06. அவர் வாங்கியது 9,000 என்றாலும் அன்றைய வரம்பு 8,000 ஆக இருந்ததால், 4,000ஐப் பெருக்க 7,88,240 ரூபாய் வந்தது. அதன் மேல் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. முத்திரைத்தாளை நீட்டினோம். மரணத்துக்கான இழப்பீட்டை அந்தச் சட்டத்தின்படி அமைந்த ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகாது, முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் அளவுக்குத்தான் கழிக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமா ஒரு காட்டை விற்றுக் கட்டினார்.

பல ஆண்டுகள் நான் அந்தப் பெண்ணின் மீது கோபமாக இருந்தேன். பணம் வாங்கிக்கொண்டு வழக்குப் போட்டுவிட்டாளே என்று. பிறகு ஒருநாள் யோசித்தேன்: பிணவறை வாசலில் நின்ற அவளிடம் நாங்கள் தொகையைச் சொன்னோம், அவளுக்கு எவ்வளவு வரவேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது.

---

நெறியாளர் | 17 ஜூலை 2024

பங்கேற்பாளர்கள் நிறுவனங்களின் பெயரையும், தொழிலாளர் குடும்பங்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவ்வாறு எழுதப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

---

ஓய்வுபெற்ற சங்கத்தார் (கோயம்புத்தூர்) | 18 ஜூலை 2024

முதலாளிகள் பேசும் இடத்தில் தொழிற்சங்கக்காரன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குச்சியடுப்பு அவர்கள் எழுதியதைப் போல ஒன்றை ஒரு முதலாளியின் எழுத்தில் நான் படிப்பது இதுவே முதல்முறை.

வரலாற்றில் கொஞ்சம் பின்னால் செல்வோம். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீட்டைக் கொண்டு வந்தபோது தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்த விபத்துக் காப்பீட்டை முதலாளிகளே முழுவதுமாகக் கட்டினார்கள். நோய் எல்லோருக்கும் வரும், ஆனால் விபத்து ஆலையால் வருவது என்பதே அந்த வேறுபாட்டின் அடிப்படை. அதே சிந்தனைதான் இங்கும் வந்தது. 1923இல் விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் வந்தது. நோய்க்கான காப்பீட்டுக்கு மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அறிக்கை கொடுத்தார், 1948இல் சட்டமானது, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955இல் முதலில் வந்தது எங்கள் கோவைக்குத்தான், பஞ்சாலைகள் இருந்த காரணத்தால்.

நொய்யல்கரை அவர்கள் கேட்கும் இடைவெளி அந்தப் பழைய வேறுபாட்டின் மிச்சம். வேலையால் வந்த மரணம் என்றால் முதலாளி வர்க்கம் பொறுப்பு. உடம்பால் வந்த மரணம் என்றால் விதி. ஆனால் கட்டிங் டேபிள் முன் பதினொரு ஆண்டுகள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றவருடைய இதயத்தில் எது வேலையால் வந்தது, எது உடம்பால் வந்தது என்று எந்த மருத்துவர் பிரித்துச் சொல்வார்? பணியிடத்திலேயே மாரடைப்பு வந்தாலும்கூட, வேலைப் பளுவுக்கும் மரணத்துக்கும் தொடர்பு நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியிருக்கிறது. நிறுவ வேண்டியவள் அந்த விதவை.

இன்னொரு செய்தி. இ.எஸ்.ஐ. மருத்துவம் சரியில்லை என்று முதலாளிகள் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. திருப்பூர்த் தொழிலாளி பெரிய சிகிச்சைக்குக் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை பேருந்தில் வந்து போன காலம் நீண்டது. திருப்பூர் மருத்துவமனைக்கு 2019இல் அடிக்கல் நாட்டி இந்த ஆண்டுதான் திறந்திருக்கிறார்கள். ஆனால் மருத்துவமனை வேண்டும் என்று முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து கேட்ட நாள்களையும், பங்கைக் குறைக்க வேண்டும் என்று முதலாளிகள் தனியே கேட்ட நாள்களையும் எண்ணிப் பார்த்தால் எது அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.

---

ஜவுளிக்கடை | 18 ஜூலை 2024

சங்கத்தார் ஐயா சொல்வது ஓரளவு உண்மை என்றாலும், தொழிலாளிகளே பிடித்தம் வேண்டாம் என்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? வேலைக்குச் சேரும் இளைஞர்கள் முதல் நாளே, பிடித்தம் இல்லாமல் கையில் எவ்வளவு வரும் என்றுதான் கேட்கிறார்கள்.

---

பணியாளர்நலன் | 19 ஜூலை 2024

கேட்கிறார்கள், உண்மை. 14,000 ரூபாய் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் மாதம் 105 ரூபாய். அது இரண்டு நாள் டீ, வடைச் செலவு. அவர்கள் பயப்படுவது அந்த 105 ரூபாயைக் கண்டன்று. பயன் கிடைக்காது என்ற அனுபவத்தைக் கண்டு. அந்த அனுபவத்தை உண்டாக்குவதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே ஒருவராவது எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

நோய்க்கால உதவித்தொகை பெற, ஓர் அரையாண்டில் 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் இருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உரிமை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை இருந்தால் ஜூலை முதல் டிசம்பர் வரை உண்டு. மாதத்துக்குப் பதின்மூன்று நாள் என்பது பெரிய நிபந்தனையாகத் தெரியாது. ஆனால் எத்தனை யூனிட்டுகளில் பீஸ் ரேட் ஆளுக்கு வேலை பார்த்த நாளை உள்ளபடி எழுதுகிறார்கள்? சந்தாவைக் குறைப்பதற்காகப் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று எழுதி, மீதிக் கூலியைச் சனிக்கிழமை மாலை கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவர் நோயில் விழும்போது கணினித் திரை அவருக்குத் தகுதி இல்லை என்று காட்டுகிறது. அவர் கழகத்தைத் திட்டுகிறார். முதலாளியும் சேர்ந்து திட்டுகிறார்.

சந்தா கட்டத் தவறியதால் தொழிலாளிக்கு உதவி குறைந்தாலோ மறுக்கப்பட்டாலோ, கழகம் அதைக் கொடுத்துவிட்டு, அந்த வித்தியாசத்தையோ கட்டத் தவறிய சந்தாவின் இரு மடங்கையோ, எது அதிகமோ அதை, முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இது தெரிந்த முதலாளிகள் குறைவு. தெரிந்த தொழிலாளிகள் இன்னும் குறைவு.

---

வார்ப்படம் | 19 ஜூலை 2024

அம்மா, கசப்பாக இருந்தாலும் மறுக்க முடியவில்லை.

நொய்யல்கரை அவர்கள் இனி என்ன செய்யலாம் என்பதைப் பேசுவோம். பதினான்கு பேரை வைத்துக்கொண்டு விருப்பத்தின் பேரில் பி.எஃப்.பில் சேர முடியும். பெரும்பான்மைத் தொழிலாளர்களின் சம்மதம் வேண்டும். ஆனால் முதலாளிக்கு எல்லாம் சேர்த்து 11 விழுக்காடு ஆகும். 15,000 ரூபாய் ஊதியத்துக்கு 1,650. ஜாப் ஒர்க் ரேட்டில் அது தாங்குமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

---

பேரேடு | 20 ஜூலை 2024

தாங்காது என்றால் வேறு வழிகளும் உண்டு. வங்கிக் கணக்கு வழியாக எடுக்கும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 இலட்சம். விபத்துக்கான சுரக்ஷா திட்டத்துக்கு 20 ரூபாய். அதற்கும் 2 இலட்சம். பதினான்கு பேருக்கும் இரண்டையும் நீங்களே கட்டினால் ஆண்டுக்கு 6,384 ரூபாய்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர முடியாது. அவர்களுக்குக் குழு ஆயுள் காப்பீட்டை விசாரிக்க வேண்டும். இது பி.எஃப்.புக்கு ஈடாகாது. ஆனாலும் 15,000 ரூபாயோடு ஒரு குடும்பம் திரும்பிப் போகாது.

நீங்கள் கேட்ட கழிவைப் பற்றி: உதவியாகக் கொடுத்ததைப் பின்னால் பணிக்கொடை என்று பெயர் மாற்றினால், கேள்வி வரும்போது நிற்காது. கொடுத்த அன்று சீட்டில் என்ன எழுதினீர்கள்?

---

நொய்யல்கரை | 20 ஜூலை 2024

சீட்டு எதுவும் எழுதவில்லை. சாவு வீட்டில் சீட்டு எழுதுவார்களா?

---

நொய்யல்கரை | 6 டிசம்பர் 2025

பழைய இழையைத் தோண்டி எடுப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். பணிக்கொடை முழுவதையும், 1,14,231 ரூபாய், இரண்டு தவணையாகக் காசோலையில் கொடுத்தேன். கொடுத்த ஒரு இலட்சத்தைக் கழிக்கவில்லை. கழிக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன் என்றும் சொல்ல மாட்டேன். அந்த அம்மாள்தான் அதற்குக் காரணம். முதல் காசோலையோடு நான் கொடுத்த கடிதத்தில் உதவித்தொகை என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, பணிக்கொடை என்று மாற்றித் தரச் சொன்னார். மைத்துனர்கள், முதலாளி எங்கள் அண்ணன் முகத்துக்காகக் கொடுத்த பணம்தானே என்று பங்கு கேட்கிறார்களாம்; அவர் உழைத்ததற்கான பணம், நியமனத்தில் மனைவி பெயர் இருக்கிறது என்று எழுத்தில் இருந்தால் பேச்சு நின்றுவிடும் என்றார். மாற்றிக் கொடுத்தேன். 436 ரூபாய்த் திட்டத்தில் பதினோரு பேர் இருக்கிறார்கள்.

இப்போது வந்த காரணம் வேறு. ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்ட பிறகு ஆர்டர் சரிந்து, சில வாரங்கள் மூன்று நாள்தான் யூனிட் ஓடியது. எங்கள் ஓவர்லாக் தையல்காரப் பெண்ணுக்கு ஜனவரி இரண்டாம் வாரத்தில் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை. ஆறு வாரம் ஓய்வு என்று சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அவருக்குக் கட்டிய நாள் 71. வேண்டிய 78இல் ஏழு நாள் குறைகிறது. என்ன செய்யலாம்? புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நவம்பர் 21 முதல் வந்துவிட்டதே, அதில் ஏதாவது தளர்வு உண்டா?

---

பேரேடு | 7 டிசம்பர் 2025

தொகுப்பை நம்பி ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். அந்த அரையாண்டு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. உங்கள் யூனிட்டில் ஊதியப் பதிவேட்டில் வராத கைக்கூலி உண்டா, இல்லையா? வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தப் பெண் உண்மையில் 71 நாள்தான் வந்திருந்தார் என்றால் வழியில்லை. வராத நாளை எழுதச் சொல்ல மாட்டேன். வந்த நாள் விடுபட்டிருந்தால், அந்தக் கூலிக்கு உரிய சந்தாவை 12 விழுக்காடு வட்டியோடு கட்டிவிட்டு, ஆதாரத்தோடு கிளை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் பதிவேட்டைப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவு. தொழிலாளியின் பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். கடந்துபோன மாதத்துக்காக இன்றைய கூலியில் பிடிக்க முடியாது.

சனிக்கிழமைக் கூலிச் சீட்டுகளை எடுத்து எண்ணுங்கள்.

---

நொய்யல்கரை | 8 டிசம்பர் 2025

நேற்றிரவு நானும் என் மனைவியும் உட்கார்ந்து எண்ணினோம். மே மாதத்தில் இரவு வேலை நடந்த ஒரு வாரமும், ஜூலையில் இரண்டு நாளும் கைச்சீட்டில் மட்டும் இருக்கின்றன. மொத்தம் 79 நாள். விடுபட்ட எட்டு நாளின் கூலி 4,400 ரூபாய். அதற்கான இரு பங்கும் சேர்த்து 176 ரூபாய், வட்டி தனி. மற்ற பதின்மூன்று பேருடைய சீட்டுகளையும் இன்றிரவு எண்ணப் போகிறோம். பதிவேட்டோடு புதன்கிழமை காலை உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன்.